பாயிங்க் மென்பொருள்: தன்னார்வக் கணிப்புத் திட்டம் தொடங்க நினைப்போருக்கான மதிப்புரை

பெர்க்லி ஓப்பன் இன்ஃப்ராஸ்ட்ரக்சர் ஃபார் நெட்வொர்க் கம்ப்யூட்டிங் என்ற பெயரின் சுருக்கமாக பாயிங்க் (BOINC) என்று வழங்கப்படும் மென்பொருளுக்கு இரண்டு பகுதிகள் உண்டு. தன் கணினியின் ஓய்வு நேரத்தை அறிவியல் ஆய்வுக்குக் கொடுக்க விரும்புபவர் நிறுவிக்கொள்ளும் சிறிய நிரல் ஒன்று; அந்த நேரத்தைப் பொதுமக்களிடம் கேட்டுப் பெற விரும்பும் ஆய்வாளர் தன் வழங்கியில் (சர்வரில்) நிறுவ வேண்டிய பெரிய தொகுப்பு மற்றொன்று. சிறிய நிரலைப் பயன்படுத்துவோர் உலகெங்கும் இருக்கிறார்கள். பெரிய தொகுப்பைக் கையாள்பவர்கள் மிகச் சிலரே. அந்தச் சிலரோடு சேர நினைக்கும் கல்லூரித் துறைகளையும் ஆய்வுக் குழுக்களையும் மனத்தில் வைத்தே இந்த மதிப்புரையை எழுதுகிறேன். கணினி நேரத்தைக் கொடுப்பவருக்குத் தேவையானவற்றையும் இடையில் சொல்கிறேன். என் மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. வேலையைப் பிரித்து முன்பின் அறியாதவர்களின் கணினிகளுக்கு அனுப்புவதில் இதற்கு இணையான கட்டற்ற மென்பொருள் எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் முடிவுகள் திரும்பி வந்த பிறகு செய்ய வேண்டியவற்றில் பெரும்பகுதியைத் திட்டத்தை நடத்துபவரின் பொறுப்பிலேயே அது விட்டுவிடுகிறது. திட்டங்கள் தடுமாறுவதும் பெரும்பாலும் அந்த இடத்தில்தான்.

இதன் வடிவமைப்பைப் புரிந்துகொள்ள இது எந்தக் குறையைத் தீர்ப்பதற்காகப் பிறந்தது என்பதை அறிய வேண்டும். 1999-ஆம் ஆண்டு மே 17 அன்று கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்திலிருந்து ஸெட்டி அட் ஹோம் என்ற திட்டம் தொடங்கப்பட்டது. புவேர்ட்டோ ரிக்கோவில் அப்போது இருந்த அரசிபோ வானொலித் தொலைநோக்கி 1420 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய 2.5 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் பதிவு செய்த தரவை 256 பட்டைகளாகப் பிரித்து, ஒவ்வொரு பட்டையிலிருந்தும் 107 விநாடி நீளமுள்ள துண்டுகளை வெட்டி, வேற்றுலக அறிவுயிர்களின் சமிக்ஞை ஏதேனும் அதில் இருக்கிறதா என்று வீட்டுக் கணினிகளைத் தேடச் சொன்ன திட்டம் அது. அதில் காலப்போக்கில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். ஆனால் கணிக்கும் நிரலும் வலையோடு பேசும் நிரலும் ஒன்றாகவே பின்னப்பட்டிருந்ததால், அறிவியல் கணக்கில் சிறு திருத்தம் செய்தாலும் தன்னார்வலர் ஒவ்வொருவரும் முழு நிரலையும் மீண்டும் தரவிறக்கி நிறுவ வேண்டியிருந்தது. செய்யாத வேலையைச் செய்ததாகப் பொய் முடிவு அனுப்பியவர்களையும் சமாளிக்க வேண்டியிருந்தது. இந்த அனுபவத்தைக் கொண்டு டேவிட் ஆண்டர்சன் தலைமையிலான குழு 2002-இல் அதே வளாகத்தின் விண்வெளி அறிவியல் ஆய்வகத்தில், அமெரிக்க தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியுதவியோடு, எந்த ஆய்வுக்கும் பொருந்தும் பொதுத்தளமாகப் பாயிங்க்கை உருவாக்கத் தொடங்கியது. 2004 முதல் ஸெட்டி அட் ஹோமும் அதில் இயங்கியது. ஆக்ஸ்ஃபோர்டின் காலநிலைத் திட்டம், ஐரோப்பியத் துகள் இயற்பியல் ஆய்வகமான செர்னின் திட்டம், ஈர்ப்பலைகளைத் தேடும் ஐன்ஸ்டைன் அட் ஹோம், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் புரத ஆய்வான ரொசெட்டா அட் ஹோம் ஆகியவை அடுத்தடுத்து அந்தத் தளத்துக்கு வந்து சேர்ந்தன.

இதன் முதல் சிறப்பு, எதையும் நம்பிக் கட்டப்படவில்லை என்பது. தன்னார்வலரின் கணினி எப்போது அணைக்கப்படும் என்று யாருக்கும் தெரியாது, இணைப்பு அறுந்துபோகும், மனம் மாறி நிரலையே நீக்கிவிடுபவரும் இருப்பார். ஆகவே வழங்கி ஒருபோதும் தன்னார்வலரின் கணினியைத் தேடிச் செல்வதில்லை. வேலை வேண்டும் என்று கேட்பதும் முடிவைக் கொண்டுவந்து கொடுப்பதும் கணினியின் பொறுப்பு. அந்த உரையாடல் சாதாரண இணையப் பக்கங்கள் வரும் வழியிலேயே நடப்பதால் வீட்டு மோடமும் அலுவலகத் தீயரணும் குறுக்கே நிற்பதில்லை. வழங்கி படுத்துவிட்டால் ஒவ்வொரு கணினியும் தான் காத்திருக்கும் நேரத்தைப் படிப்படியாகப் பெருக்கிக்கொண்டு, கூடவே சிறிது தற்செயல் இடைவெளியும் சேர்த்துக்கொண்டுதான் மீண்டும் கேட்கும். இந்த ஏற்பாடு இல்லாவிட்டால், பழுது நீங்கி எழும் வழங்கியை லட்சக்கணக்கான கணினிகள் ஒரே நேரத்தில் தட்டி மீண்டும் வீழ்த்திவிடும். ஒவ்வொரு பணிக்கும் ஒரு கெடு தேதி உண்டு. கெடு தாண்டினால் அதே பணி வேறொருவருக்குப் போகும்.

வழங்கியின் உட்புறம் இன்னும் சிறப்பாக அமைந்திருக்கிறது. மையத்தில் ஒரு மைஎஸ்கியூஎல் அல்லது மரியாடிபி தரவுத்தளம். அதைச் சுற்றி, ஆளுக்கொரு வேலையாகப் பிரித்துக்கொண்ட தனித்தனிப் பின்னணி நிரல்கள். ஒன்று புதிய பணிகளைத் தயாரிக்கிறது. மற்றொன்று அனுப்பத் தயாராக உள்ள பணிகளில் நூறு போல எடுத்து நினைவகத்தில் தயாராக வைக்கிறது. வேலை கேட்டு வரும் கணினிக்கு அங்கிருந்து எடுத்துக் கொடுக்கப்படுவதால் தரவுத்தளத்தை ஒவ்வொரு முறையும் துழாவ வேண்டியதில்லை. வேறொன்று முடிவுகளை ஒப்பிடுகிறது, இன்னொன்று ஏற்கப்பட்ட முடிவைச் சேமிப்பில் சேர்க்கிறது, மற்றொன்று தேவையற்ற கோப்புகளை அழிக்கிறது. இவற்றில் ஏதேனும் ஒன்று நின்றுபோனாலும் மற்றவை தங்கள் வேலையைத் தொடரும். நின்றதைச் சரிசெய்து மீண்டும் இயக்கினால் தேங்கியதை அது தானே முடித்துக்கொள்ளும். ஆண்டர்சனும் சக ஆய்வாளர்களும் 2005-இல் வெளியிட்ட அளவீட்டில், ஏறக்குறைய 4,000 டாலர் விலையுள்ள ஒரே ஒரு வழங்கிக் கணினி நாளொன்றுக்கு 88 லட்சம் பணிகளைக் கையாண்டது. இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வன்பொருளில் எட்டிய அளவு இது. ஆகவே பெரும்பாலான சிறு குழுக்களுக்கு வழங்கியின் திறன் ஒரு தடையாக இருக்கவே இருக்காது என்று துணிந்து சொல்லலாம்.

வந்த முடிவு சரியானதா என்று எப்படி அறிவது? இந்தக் கேள்விதான் தன்னார்வக் கணிப்பின் உயிர்நாடி. பாயிங்க் தரும் விடைகளை நான் மிகவும் மதிக்கிறேன். அடிப்படை விடை, ஒரே பணியைத் தொடர்பில்லாத இருவருக்கு அனுப்பி இரண்டு முடிவுகளும் ஒத்துப்போனால் மட்டும் ஏற்பது. ஒத்துப்போகாவிட்டால் மூன்றாமவருக்கு அனுப்பப்படும். எத்தனை பேருக்கு அனுப்புவது, எத்தனை முடிவுகள் ஒத்துப்போக வேண்டும், எத்தனை தோல்விகளுக்குப் பிறகு அந்தப் பணியையே கைவிடுவது என்பவற்றையெல்லாம் பணிதோறும் நாமே வகுக்கலாம். ஆனால் தசம எண்களைக் கொண்டு நீண்ட கணக்குப் போடும் நிரல்கள் இன்டெல் செயலியில் ஒரு விடையும் ஏஎம்டி செயலியில் கடைசி இலக்கங்களில் சற்றே மாறிய விடையும் தருவது இயல்பு. அத்தகைய கணக்குகளுக்காக, முதல் நகல் எந்த வகைக் கணினிக்குப் போனதோ அதே இயங்குதளமும் செயலிக் குடும்பமும் கொண்ட கணினிக்கே அடுத்த நகலையும் அனுப்பும் வசதி இருக்கிறது. எல்லாவற்றையும் இரண்டு முறை கணிப்பது பாதித் திறனை வீணாக்குமே என்ற கவலைக்கும் வழியுண்டு: தொடர்ந்து சரியான முடிவுகளைத் தந்த கணினிகளுக்கு ஒற்றைப் பணியாகவே கொடுத்து, இடையிடையே முன்னறிவிப்பின்றிச் சோதிக்கும் முறையைத் தேர்ந்துகொள்ளலாம்.

இரட்டைக் கணிப்பால் விளைந்த ஓர் அழகான நிகழ்வும் உண்டு. 2010-இல் ஐன்ஸ்டைன் அட் ஹோம் திட்டம் அரசிபோ தரவிலிருந்து ஜே2007+2722 என்ற துடிவிண்மீனை (பல்சரை) கண்டறிந்தது. அமெரிக்காவின் அயோவா மாநிலத்துத் தம்பதியரின் கணினியும் ஜெர்மனியின் மைன்ஸ் நகரத்தவர் ஒருவரின் கணினியும் அந்தச் சமிக்ஞையைத் தனித்தனியே சுட்டியிருந்ததால் கண்டுபிடிப்பின் பெருமை இரு தரப்புக்கும் பெயர் சொல்லி வழங்கப்பட்டது. தன்னார்வலர்களுக்கு இதைவிட நல்ல நன்றி வேறென்ன இருக்க முடியும்!

பாயிங்க்கைச் சாராத, 1996 முதல் இயங்கும் ஜிம்ப்ஸ் என்ற மெர்சன் பகா எண் (இரண்டின் அடுக்கு ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் பகா எண்) தேடலைப் பார்த்தால் வேறொரு பாடம் கிடைக்கிறது. அங்கும் பல ஆண்டுகள் எல்லா எண்களும் இரு முறை சோதிக்கப்பட்டன. 2020 முதல், சோதனையோடு சேர்த்தே ஒரு கணிதச் சான்றும் உருவாக்கப்பட்டு, முதல் கணக்குக்கு ஆன உழைப்பில் மிகச் சிறு பங்கிலேயே அது சரிபார்க்கப்படுகிறது. இரண்டாம் சுற்று தேவையற்றதாகிவிட்டது. புதிய திட்டத்தை வடிவமைப்பவர் தன் விடையைக் கண்டுபிடிப்பதைவிடச் சரிபார்ப்பது எளிதா என்று முதலில் ஆராய வேண்டும். எளிது என்றால் பாதிச் செலவு மிச்சம். பாயிங்க் தொகுப்போடு வரும் மாதிரிச் சரிபார்ப்பு நிரல்கள் முடிவுக் கோப்புகளை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுவது போன்ற எளியவையே. உங்கள் அறிவியலுக்கு ஏற்றதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

பாதுகாப்பு ஏற்பாட்டைப் பற்றி ஒன்றை மட்டும் வற்புறுத்துகிறேன். தன்னார்வலரின் கணினிக்குச் செல்லும் ஒவ்வொரு நிரலும் திட்டத்தின் மறைசாவியால், அதாவது திட்டத்தினர் மட்டுமே வைத்திருக்கும் இரகசியக் குறியீட்டால், கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும். கையொப்பம் பொருந்தாத நிரலை அவருடைய கணினி ஏற்காது. அந்த மறைசாவியை இணையத்தோடு இணையாத தனிக் கணினியில் வைத்துக் கையொப்பமிட வேண்டும் என்று பாயிங்க்கின் ஆவணங்கள் சொல்கின்றன. அப்படிச் செய்தால், யாரோ வழங்கிக்குள் ஊடுருவினாலும் தன்னார்வலர்களுக்குத் தீநிரலை அனுப்ப முடியாது. வசதிக்காகச் சாவியை வழங்கியிலேயே விட்டுவைப்பது, ஆயிரக்கணக்கானோர் வீட்டுக் கதவுகளைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். இதில் சமரசத்துக்கு இடமே இல்லை.

இனி எல்லாக் கணக்கும் இதற்குப் பொருந்துமா என்ற கேள்விக்கு வருகிறேன். ஸெட்டி அட் ஹோமின் ஒரு துண்டு ஏறத்தாழ 350 கிலோபைட்தான். அதைக் கணிக்க ஒரு வீட்டுக் கணினிக்கு மணிக்கணக்கில் ஆனது. கொஞ்சம் தரவு, நிறையக் கணக்கு, ஒரு துண்டு மற்றொன்றின் விடைக்காகக் காத்திராமை ஆகிய மூன்றும் அமைந்த வேலையே இங்கு சிறக்கும். காலநிலை மாதிரியை இப்படிப் பிரிக்க முடியாதே என்று முதலில் தோன்றும். பூமியின் ஒரு பகுதியை ஒருவரிடமும் மறுபகுதியை மற்றொருவரிடமும் கொடுத்தால் இருவரும் நொடிக்கு நொடி பேசிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கும். ஆக்ஸ்ஃபோர்டு குழு அப்படிப் பிரிக்கவில்லை. முழுப் பூமியையும் ஒவ்வொருவரிடமும் கொடுத்து, மேகங்கள் போன்ற இயற்பியல் கூறுகளின் அளவுருக்களை மட்டும் ஆளுக்கு ஆள் சிறிது மாற்றியது. கரியமிலவாயு இரட்டிப்பானால் வெப்பநிலை 2 பாகைக்கும் குறைவாக உயரும் மாதிரிகளிலிருந்து 11 பாகைக்கும் மேல் உயரும் மாதிரிகள் வரை அதில் வந்ததை 2005-இல் நேச்சர் இதழில் அவர்கள் வெளியிட்டார்கள். கேள்வியை மாற்றி அமைத்ததால் பொருந்தாத வேலை பொருந்தியது. என் கருத்தில் ஒரு திட்டத்தின் உண்மையான வடிவமைப்பு நிரல் எழுதுவதற்கு முன்பு இந்த இடத்தில்தான் நடக்கிறது.

நிரல் எழுதும் கட்டத்தில் பாயிங்க் தாராளமானது என்று சொல்ல மாட்டேன். அதன் நூலகத்தை உங்கள் நிரலோடு இணைத்து, தொடக்கத்தையும் முடிவையும் அறிவித்து, எத்தனை விழுக்காடு முடிந்தது என்று சொல்லி, இடையிடையே நிலையைச் சேமித்து, கணினி அணைந்து எழுந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும்படி செய்ய வேண்டும். விண்டோஸ், மேக், லினக்ஸ் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே தொகுக்க வேண்டும். வரைகலைச் செயலிகளையும் பயன்படுத்தினால் என்விடியாவுக்கும் ஏஎம்டிக்கும் வேறு வேறு பதிப்புகள் வேண்டியிருக்கும். பழைய நிரலைத் திருத்த முடியாதவர்களுக்கு, அதைத் தனக்குள் வைத்து இயக்கி பாயிங்க்கோடு பேசும் ஓர் உறைநிரல் கிடைக்கிறது. செர்ன் ஆய்வகம் போல முழு லினக்ஸ் சூழலையே, ஒரு கணினிக்குள் மற்றொரு கணினியை இயக்கிக் காட்டும் விர்ச்சுவல்பாக்ஸ் வழியாக அனுப்பவும் முடியும்; ஆனால் அதற்குத் தன்னார்வலர் இன்னொரு மென்பொருளை நிறுவ வேண்டும், நினைவகமும் கூடுதலாகச் செலவாகும். அண்மைக் காலமாக, நிரலையும் அதற்குத் தேவையானவற்றையும் ஒரே பொதியாகக் கட்டித் தரும் டாக்கர் கொள்கலன்களுக்கும் ஆதரவு வந்திருப்பதை வரவேற்கிறேன். புதிதாகத் தொடங்குபவர் முதலில் அதைப் பார்ப்பது நல்லது.

இப்போது திரும்பி வரும் முடிவுகளின் பக்கம். ஏற்கப்பட்ட முடிவைக் கொண்டு என்ன செய்வது என்பதற்கு பாயிங்க் தருவது ஏறத்தாழ ஒரு வெற்றிடம். கோப்பை ஓர் அடைவில் போட்டுவைக்கும் மாதிரி நிரலோடு அது நின்றுகொள்கிறது. இது குறை என்பதைவிட எல்லை என்பதே சரி, ஏனெனில் அறிவியலைப் பொதுத்தளம் அறிந்திருக்க முடியாது. ஆனால் இந்த எல்லையின் விலை பெரிது. ஸெட்டி அட் ஹோம் 2020 மார்ச் 31 அன்று புதிய பணிகள் வழங்குவதை நிறுத்தியபோது அது சொன்ன காரணங்கள் இரண்டு: இனியும் கணித்துக்கொண்டே போவதால் கிடைக்கும் பயன் குறைந்துவிட்டது, பணிகளை வழங்கி நடத்துவதற்கே ஆற்றல் செலவாவதால், குவிந்த முடிவுகளின் பின்னாய்வை முடிக்க முடியவில்லை. தளத்தை உருவாக்கியவர்களின் சொந்தத் திட்டத்துக்கே இந்த நிலை வந்ததென்றால், இரண்டு மூன்று பேர் கொண்ட குழு எவ்வளவு முன்யோசனையோடு இறங்க வேண்டும் என்பது விளங்கும். முதல் பணியை அனுப்புவதற்கு முன்பே பின்னாய்வு நிரல் போலித் தரவில் ஓடிக் காட்டியிருக்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை.

எதிர்ப்பக்கத் தடுமாற்றத்தை ஃபோல்டிங் அட் ஹோம் காட்டியது. அது பாயிங்க்கைப் பயன்படுத்தாத, தனி மென்பொருள் கொண்ட புரத மடிப்புத் திட்டம். 2020 மார்ச்சில் கொரோனா ஆய்வுக்கு உதவ மக்கள் திரண்டு வந்ததால் அதன் மொத்தத் திறன் ஒரு எக்ஸாஃப்ளாப்பை (நொடிக்கு நூறு கோடி மடங்கு நூறு கோடி தசமக் கணக்குகளை) தாண்டியது. ஆனால் வந்தவர்களுக்குக் கொடுக்கப் போதிய பணிகள் தயாராக இல்லாமல் பல கணினிகள் காத்துக் கிடந்தன. ஆர்வத்தோடு வருபவரைக் கொடுக்க வேலையின்றித் திருப்பி அனுப்பினால் அவர் மறுபடி வருவது அரிது. பாயிங்க்கில் இயங்கும் வேர்ல்டு கம்யூனிட்டி கிரிட் என்ற திட்டம் ஐபிஎம் நிறுவனத்திடமிருந்து டொரான்டோவின் க்ரெம்பில் ஆய்வு நிறுவனத்துக்கு மாறிய 2022-இல் பல மாதங்கள் பணி வழங்கல் நின்றிருந்ததும் நினைவுகூரத்தக்கது. வழங்கியை இடம் மாற்றுவது எவ்வளவு பெரிய வேலை என்பதைப் புதியவர்கள் குறைத்து மதிப்பிடுகிறார்கள்.

தன்னார்வலர்களைத் தக்கவைக்க பாயிங்க் தரும் கருவி மதிப்பெண் முறை. நொடிக்கு நூறு கோடி தசமக் கணக்குகள் செய்யும் கணினி ஒரு நாள் முழுதும் உழைத்தால் 200 புள்ளிகள் என்பது அதன் அடிப்படை. அணிகள் அமைத்துப் போட்டியிடவும் முடியும். வாரக்கணக்கில் நீளும் காலநிலைப் பணிகளுக்கு நடுவிலேயே பகுதிப் புள்ளிகள் கிடைக்கச் செய்யும் ஏற்பாடு உண்டு. அது மிக நல்ல ஏற்பாடு. இருந்தாலும் நான் கவனித்தவரை, புள்ளிகளால் வருபவர்கள் புள்ளி அதிகம் தரும் இடத்துக்கு எளிதில் நகர்ந்துவிடுகிறார்கள். தங்கள் கணக்கு என்ன ஆனது என்று தெரிந்தவர்களே நிலைக்கிறார்கள். ஆண்டர்சனின் 2019-ஆம் ஆண்டுக் கட்டுரை, பாயிங்க் திட்டங்களில் ஏறத்தாழ 7 லட்சம் கருவிகள் இணைந்து சராசரியாக 93 பெட்டாஃப்ளாப் (ஆயிரம் பெட்டாஃப்ளாப் ஓர் எக்ஸாஃப்ளாப்) திறன் தந்ததாகக் கணக்கிட்டது. ஸெட்டி அட் ஹோமின் தொடக்க ஆண்டுகளில் திரண்ட கூட்டத்தை நினைத்தால் இந்த எண்ணிக்கை எனக்கு வருத்தம் தருகிறது.

கணினி நேரம் கொடுக்க விரும்புபவருக்குச் சில சொற்கள். நிறுவுவது எளிது, எளிய காட்சியே தொடக்கத்துக்குப் போதும். எந்தத் திட்டத்தில் சேர்வது என்று முடிவெடுக்க இயலாதவர்கள் சயன்ஸ் யுனைடெட் என்ற சேவையில் துறையை மட்டும் தேர்ந்தால், திட்டங்களை அதுவே இணைத்துவிடும். கணிப்பு அமைப்புகளில் செயலி நேர விழுக்காட்டைக் குறைப்பதைவிடப் பயன்படுத்தும் செயலிக் கருக்களின் எண்ணிக்கையைக் குறைப்பதே மேல். முன்னது கணிப்பை நிறுத்தி நிறுத்தி ஓடவைப்பதால் விசிறி ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். ஆண்ட்ராய்டு கைப்பேசியில் மின்னேற்றத்தில் இருக்கும்போதும், மின்கலம் 90 விழுக்காட்டுக்கு மேல் இருக்கும்போதும், வைஃபை இணைப்பிலும் மட்டுமே இயங்குவது இயல்புநிலை. அதை மாற்ற வேண்டாம். ஐபோனுக்கு இது இல்லை. செலவையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்: கணிப்பால் கூடுதலாக 100 வாட் இழுக்கும் மேசைக் கணினி இடைவிடாமல் ஓடினால் 60 நாளில் 144 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் இரு மாதக் கணக்கில் அது உங்களை அடுத்த கட்டணப் படிக்கு ஏற்றிவிடக்கூடும்; எனவே இரவு சில மணி நேரத்துக்கு மட்டும் என்று வரையறுத்துக்கொள்வது நல்லது, அதற்கான நேர அமைப்பும் இருக்கிறது.

திட்டம் தொடங்க நினைப்பவர்களில் சிலருக்கு பாயிங்க்கே வேண்டியதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். உங்கள் கல்லூரி ஆய்வகங்களில் இரவெல்லாம் சும்மா இருக்கும் கணினிகளே போதும் என்றால், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மேடிசன் வளாகத்தில் உருவான, ஒரு நிறுவனத்தின் சொந்தக் கணினிகளுக்கு வேலையைப் பகிர்ந்தளிக்கும் எச்டிகாண்டர் என்ற மென்பொருள் உங்களுக்குப் பொருத்தமானது. எல்லாக் கணினிகளும் உங்கள் ஆளுகையில் இருப்பதால் இரட்டைக் கணிப்பும் கையொப்பச் சாவியும் புள்ளிக் கணக்கும் அங்கே தேவைப்படாது; இருக்கும் நிரலைப் பெரும்பாலும் திருத்தாமலே ஓட்டலாம். உங்கள் கணக்கு உண்மையிலேயே துண்டுகளாகப் பிரிகிறதா, பின்னாய்வு தாக்குப்பிடிக்கிறதா என்பவற்றை அங்கே ஒரு பருவம் ஓட்டிப் பார்த்துவிட்டு, அந்தக் கணினிகள் போதவில்லை என்று உறுதியான பிறகு பொதுமக்களிடம் கேட்கச் செல்லலாம். அப்போது நிறுவ வேண்டியது பாயிங்க்தான்.